குழாய் கட்டியவர்களின் காது

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இலக்கியப் பதிவுகளுக்குக் குறைவில்லை. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய ஊர். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஆமுக்தமால்யதாவை எழுதியபோது அதன் கதைக்களமும் இவ்வூரே. அக்காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த மு.கு. ஜகந்நாதராஜா பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்காரர் என்பது இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையைப் போலவே இயல்பானதொரு தொடர்பு. கோயிலின் கல்வெட்டுகள் படிக்கப்பட்டிருக்கின்றன, 192 அடி உயரக் கோபுரம் அளக்கப்பட்டிருக்கிறது, ஆடிப்பூரத் தேரின் மரச்சிற்பங்கள் படமெடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அத்திருவிழாவுக்கு ஒளியும் ஒலியும் தந்தவர்களைப் பற்றி, கோபுரத்தில் சீரியல் செட் கட்டியவர்களையும் ரத வீதிகளில் குழாய் கட்டியவர்களையும் பற்றி, ஒரு வரியும் எழுதப்பட்டதாக நாம் கண்டதில்லை. அவர்களுக்கு வயதாகிறது. அவர்களில் சிலர் பந்தலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார்கள். இந்த உடல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன்னும் திருவிழாவுக்குத் தொழில்நுட்பர்கள் இருந்தார்கள், அந்தப் பெயரால் அவர்களை எவரும் அழைக்கவில்லை என்பதைத் தவிர. தீவட்டி பிடித்தவர், வாணம் செய்தவர், சுவாமியைத் தோளில் தாங்கிய சீர்பாதம் தாங்கிகள், தேர்ச்சக்கரத்திற்குக் கட்டை போட்டவர். இவர்களுள் கட்டை போடுபவரின் வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் முன்னே வைக்கப்படும் மரக்கட்டைகளால்தான். உருண்டு வரும் சக்கரத்திற்கு முன்னால் கட்டையை வைத்துவிட்டுக் கண்ணிமைப்பதற்குள் விலகிவிட வேண்டும். இன்று நாம் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று காரியத்தைக் கெடுப்பவனைச் சொல்கிறோம். தேருக்கு முட்டுக்கட்டை போட்டவனோ கூட்டத்தைக் காப்பாற்றியவன். மொழி இப்படிச் சில வேளைகளில் நன்றி கெட்டதாக இருக்கிறது. அந்த வேலைக்கு வயது ஒரு நேரடியான எல்லை. முழங்கால் மடங்க ஒரு நொடி தாமதமாகிறது என்று தெரிந்த ஆண்டிலேயே ஒருவர் ஒதுங்கிக்கொண்டாக வேண்டும், அவர் ஒதுங்காவிட்டால் ஊர் ஒதுக்கிவிடும். தோளில் சுவாமி தாங்குபவருக்கும் அப்படியே. தோளில் காய்த்துப்போன தழும்பு எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. உழைப்பும் அதன் தேய்மானமும் கண்ணுக்குத் தெரிந்த காலம் அது.

நாடக மேடையிலும் உடலே கருவியாக இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் இறந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் பக்கவாதத்தில் பேச்சிழந்து, 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். மேடையின் உடல்நலம் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் தகவல்கள் ஏறத்தாழ இவ்வளவே, எல்லாம் நடிகர்களையும் ஆசிரியர்களையும் பற்றியவை. படுதா இழுத்தவரும் காஸ் லைட்டுக்குக் காற்றடித்தவரும் எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்று நாடக நினைவுக்குறிப்புகளில் தேடினால் கை வெறுமையாகவே திரும்பும். மேடைக்கு முன்னால் நிற்பவருக்கு நோய் வந்தால் அது செய்தி, பின்னால் நிற்பவருக்கு வந்தால் அது அவர் வீட்டுச் சங்கதி. இந்த வழக்கம் அன்றே உறுதிப்பட்டுவிட்டது.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. அமெரிக்காவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் 1915-இல் மேக்னவாக்ஸ் ஒலிபெருக்கியை உருவாக்கினார்கள். 1919-இல் குடியரசுத் தலைவர் வில்சன் சான் டியாகோவில் பெருங்கூட்டத்தின் முன் அதன் வழியாகப் பேசினார். இந்தியாவில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்த மோட்வானே குடும்பத்தின் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர்ப்பலகையைக் காந்தி பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் இன்றும் படிக்கலாம். 1940-இல் டெல்லியில் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் பின்னாளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்வரை வந்து சேர்ந்தன. தெற்கில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. கம்பி எட்டாத ஊர்களுக்குக் கார் பேட்டரியோடு வால்வு செட்டை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றார்கள். திராவிட இயக்கத்தின் மேடைப்பேச்சு பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பேச்சின் அடுக்குமொழியும் இடைநிறுத்தமும் ஒலிபெருக்கி இல்லாமல் அந்த வடிவத்தை அடைந்திருக்க முடியுமா என்பது நம் ஐயம். அரசியலும் பக்தியும் கல்யாணமும் காதுகுத்தும் ஒரே கருவியின் வழியே ஊருக்குள் வந்தன. அக்கருவியை இயக்கியவரை எங்கள் பக்கத்தில் 'ரேடியோ செட்காரர்' என்றே சொல்வார்கள். ரேடியோவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது.

ரேடியோ செட்காரரின் வேலை பாட்டுப் போடுவது என்று நினைப்பவர் அதைத் தூரத்திலிருந்து பார்த்தவர். குழாய்களை உயரத்தில் கட்ட வேண்டும். அதற்குத் தென்னையிலும் வேம்பிலும் மின்கம்பத்திலும் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியிலும் ஏற வேண்டும். குழாயின் பின்பக்கத்து யூனிட் காந்தத்தால் ஆனது, கனமானது. ஒரு கையால் கிளையைப் பிடித்து, மறு கையால் கயிறு சுற்றி, வாயில் ஒயரைக் கடித்தபடி அதைத் திசை பார்த்துத் திருப்பிக் கட்டுவார்கள். தெருவெங்கும் ட்யூப்லைட் நட வேண்டும். கோயில் முகப்பில் வண்ண பல்புகளால் அம்மனும் மயிலும் அமைந்த பலகையை நிறுத்த வேண்டும். மின்னணுக் கருவி வருவதற்கு முன்பு அந்த பல்புகள் ஓடி ஓடி எரிந்ததற்குக் காரணம், செப்புத் தகடு பதித்த ஒரு மர உருளையை மோட்டார் சுழற்றிக்கொண்டிருந்ததுதான். அதைச் செய்யத் தெரிந்தவர்களின் கைத்திறன் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. பிறகு இசைத்தட்டு. 78 சுற்றுத் தட்டில் மூன்று, மூன்றரை நிமிடத்திற்கொரு முறை பாட்டு முடிந்துவிடும். எனவே செட்காரருக்கு இரவில் தொடர்ச்சியான தூக்கம் என்பதே கிடையாது. எல்.பி. தட்டு இருபது நிமிடத் தூக்கத்தைக் கொடுத்தது, கேசட் அரை மணி நேரத்தை. இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் வரலாறு ஒரு கோணத்தில் செட்காரரின் தூக்கத்தின் வரலாறு.

ஆண்டின் நாட்காட்டியும் அவர்களுக்கு வேறு. தையில் பொங்கல், பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி, அதையொட்டிச் சுற்றுக் கிராமங்களின் பொங்கல் விழாக்கள், ஆடியில் பூரத் தேரும் சதுரகிரி ஆடி அமாவாசையும் இருக்கன்குடி ஆடி வெள்ளியும், புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளின் சனிக்கிழமைகள். இடையில் முகூர்த்தங்களும் தேர்தல்களும். பங்குனி சித்திரையில் நாற்பது நாள் வரை தொடர்ந்து இரவு விழிப்பு, மார்கழியில் விடியற்காலைத் திருப்பாவை, பிறகு வேலையே இல்லாத வாரங்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் வருமானம் எப்படிச் சீராக இருக்காதோ அப்படியே உணவும் உறக்கமும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீராக இருக்க முடியாது.

இனி காதுக்கு வருவோம். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பது செவிக்குத் தீங்கு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88-இல் நான்கு மணி நேரம், 100-இல் பதினைந்தே நிமிடம். ஒரு குழாயின் முன்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 110 டெசிபலைத் தாண்டுவது எளிது. பின்னாளில் வந்த பேஸ் பெட்டிகளின் அருகே மார்க்கூடே அதிர்கிறது. இவ்வகைச் செவித்திறன் இழப்பு ஒரே நாளில் நிகழ்வதன்று. உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிகின்றன, அழிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகள். தமிழில் சொன்னால் சகர, தகர ஒலிகளின் கூர்மை மங்கும். பேச்சு கேட்கும், சொல் பிரியாது. பெண்களும் குழந்தைகளும் பேசுவது முதலில் புரியாமல் போகும். வீட்டில் 'கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை' என்ற மனத்தாங்கல் எழும். செட்காரரோ தமக்கு நன்றாகவே கேட்கிறது என்றிருப்பார், ஏனெனில் தாழ்ந்த ஒலிகள் இன்னும் கேட்கின்றன.

இதில் ஒரு கொடிய சுழல் இருக்கிறது. உயர் ஒலிகள் கேட்காதவர் தம் காதுக்குச் சரியாக வரும்வரை ட்ரெபிள் குமிழைத் திருகுவார். ஊருக்கு அது கீச்சென்று குத்தும். ஊர் திட்டும். அவருக்கு அந்தத் திட்டு விளங்காது. காது கேளாமை தொழிலின் கருவியையே பழுதாக்குகிறது என்பதால் அதை ஒப்புக்கொள்வது என்பது தொழிலைவிட்டுப் போகிறேன் என்று சொல்வதற்குச் சமம். எனவே எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ராக் இசைக்கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தம் செவித்திறன் இழப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார், உலகப் பத்திரிகைகள் எழுதின. அவருக்கு இழக்கப் புகழ் மிச்சமிருந்தது. சத்திரப்பட்டிச் சாலையில் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் எட்டுக் குழாயும் வைத்திருப்பவருக்கு அந்த வசதியில்லை.

சட்டம் என்ன செய்தது? ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை விரிவான தீர்ப்பொன்றில் உறுதிசெய்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அளவு. பொது இடத்தின் எல்லையில் சூழல் அளவைவிடப் பத்து டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக்கூடாது, இரண்டில் எது குறைவோ அது. பின்னர் கூம்புக் குழாய்களுக்குக் காவல்துறையினர் ஊர் ஊராகத் தடை சொன்னார்கள், குழாய்கள் பழைய இரும்புக்குப் போயின. இவையெல்லாம் வேண்டியவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. நோயாளிக்கும் மாணவருக்கும் கைக்குழந்தைக்கும் உறங்க உரிமை உண்டு. ஆனால் விதியை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். அளவு எடுக்கப்படுவது எல்லையில். பெட்டிக்குப் பக்கத்தில் மிக்சரின் முன் அமர்ந்திருக்கும் காது அந்த விதியின் கண்ணில் ஒலி உண்டாக்குபவரின் காது, குற்றவாளித் தரப்பு. அது பாதுகாக்கப்பட வேண்டியது என்ற எண்ணமே அங்கு எழவில்லை.

இந்த இடத்தில் ராஜபாளையம் தனக்கே உரிய ஒப்பீட்டைத் தருகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இது நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் மருத்துவத் துணியை நெய்து உலகெங்கும் அனுப்புகிறது. நூற்பாலைக்குள்ளும் தறிக்கூடத்திலும் இரைச்சல் குறைவானதன்று. ஆனால் ஆலைக்குள் அந்த இரைச்சலுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாக இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைச் சேர்த்திருந்தது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோயும் அதில் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருந்தது, வருங்கால வைப்புநிதி இருந்தது, சங்கம் இருந்தது. நடைமுறையில் அவை எவ்வளவு பயன்பட்டன என்பது வேறு கதை. கேட்பதற்கு ஒரு கதவாவது இருந்தது. அதே தெருவில் குடியிருந்த அண்ணன் ஆலைக்கும் தம்பி ரேடியோ செட்டுக்கும் போனார்கள் என்று வைத்துக்கொண்டால், இருவர் காதும் ஒரே வயதில் மங்கும். ஒருவருக்கு அது தொழில்நோய், மற்றவருக்கு அது கிழட்டுத்தனம். சினிமா லைட்மேன்களுக்கு ஃபெப்சி என்றொரு கூட்டமைப்பு உண்டு. திருவிழா லைட்மேனுக்கு முதலாளியும் தொழிலாளியும் அவரே.

காது மெல்லப் போகிறது. இதயம் அப்படியன்று. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என்று சொன்னது. திருவிழா வாரத்தில் 55 மணி நேரம் என்பது மூன்று நாளில் முடிந்துவிடும். மாரடைப்புகள் விடியலுக்குப் பிந்தைய காலை நேரத்தில் மிகுதியாக வருகின்றன என்பதும் மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவருவது. செட்காரருக்கு அந்த நேரம் எது என்று நினைத்துப் பாருங்கள். இரவு முழுதும் விழித்து, டீயிலும் பீடியிலும் வெற்றிலையிலும் பொழுதை ஓட்டி, கூட்டம் கலைந்த பின் பந்தலைப் பிரித்துப் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றும் நேரம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மார்பில் கை வைத்து உட்கார்ந்தால், பக்கத்திலிருப்பவர் 'வாயுவா இருக்கும்ணே' என்று ஒரு கோலி சோடாவை உடைத்து நீட்டுவார். அன்பின் பெயரால் அரை மணி நேரம் போய்விடும். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம், வெறும் வியர்வையும் களைப்புமாக. இரவெல்லாம் உழைத்தவருக்கு வியர்வையும் களைப்பும் யாருடைய கவனத்தை ஈர்க்கும்?

அதன் பிறகு சாலை. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர், திருநெல்வேலிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வரும்வரை இந்தத் தூரத்தை வாடகைக் காரிலோ, பல வேளைகளில் செட் ஏற்றும் அதே வண்டியிலோதான் கடந்தாக வேண்டும். 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் செலவுப் பயத்தைக் குறைத்தது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. இவை எல்லாம் பெரிய மாற்றங்கள், குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சோடாவுக்கும் ஆம்புலன்சுக்கும் இடைப்பட்ட அரை மணி நேரத்தை எந்தத் திட்டமும் இன்னும் எட்டவில்லை.

கொரோனாவை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பங்குனிப் பருவம் நடந்துகொண்டிருந்தது. பேசி முடித்த நிகழ்ச்சிகள் ஒரே நாளில் இல்லாமலாயின. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் வழக்கம்போல் ரத வீதிகளில் ஓடியது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022-இல்தான். அந்த இடைவெளியில் பலர் பெட்டிகளை விற்றார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது இரட்டை அடி. வட்டிக்கு வாங்கிய கருவி தூங்கியது, மாத்திரை வாங்குவது தள்ளிப்போயிற்று. விழாக்கள் திரும்பியபோது எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், இரண்டாண்டு உட்கார்ந்திருந்த உடல்கள் மறுபடியும் மரமேறின. அந்த ஆண்டு ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொருவர் இறந்தார்கள். செய்தியைக் கேட்ட ஒவ்வொரு ரேடியோ செட்காரரும் தாம் தப்பிய ஓர் இரவை நினைத்திருப்பார் என்றே நாம் எண்ணுகிறோம்.

இப்போது மேடையொலி மடிக்கணினிக்கும் டிஜிட்டல் மிக்சருக்கும் போய்விட்டது. எல்.ஈ.டி. வந்த பின் ட்யூப்லைட் பெட்டிகளின் சுமை குறைந்தது, பேஸ் பெட்டிகளின் சுமை கூடியது. இளைஞர்கள் கைப்பேசியில் ஒலியளவைப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். பழையவர் ஜெனரேட்டர் பக்கத்துக்கு ஒதுக்கப்படுகிறார். தொழிலிலேயே மிகுந்த இரைச்சலும் புகையும் உள்ள மூலை அது. ஓய்வு என்ற சொல் இத்தொழிலில் இல்லை, இடமாற்றம்தான் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு நல வாரியங்கள் அமைத்ததும், பதிவு செய்தவர்களுக்கு அறுபது வயதில் ஓய்வூதியம் தருவதும் இந்திய அளவில் முன்னோடியான செயல்கள். எனினும் முகப்பில் பெயர்ப்பலகையும் வண்டியும் உள்ளவர் தம்மைத் தொழிலாளி என்று எழுதிக்கொள்ளக் கூசுகிறார். நால்வர் வேலை செய்யும் செட்டுக்கு உரிமையாளர் என்பது மரியாதை.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு, நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்கிறது. பொதுவாக அது பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. ஒரு ரேடியோ செட்டில் உரிமையாளரையும் சேர்த்து மூன்று பேர், ஆடிப்பூரத்திற்கு ஐந்து பேர். ஆனால் ஆடிப்பூரத்தன்று ரத வீதிகள் நான்கிலும் வேலை செய்யும் ஒலி, ஒளி, பந்தல், ஜெனரேட்டர் ஆட்களைச் சேர்த்து எண்ணினால் பத்து என்பது மிகச் சிறிய எண். ஒருவேளை அப்படிச் சேர்த்து எண்ண வேண்டியது கோயில் நிர்வாகமாகவோ நகராட்சியாகவோ இருக்கலாம். பக்தர்களுக்காகத் திருவிழாவில் மருத்துவ முகாம் போடுகிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் அந்த மேசைக்கு மேலே தொங்கும் விளக்கையும், பக்தர்களை அங்கே அழைக்கும் மைக்கையும் அமைத்தவர் விடியற்காலையில் வந்து அவற்றைக் கழற்றும்போது முகாம் முடிந்திருக்கும்.